கோலை ஓங்காத கை

சிறு தோட்டமும் கொட்டிலும் உடைய இல்லத்திற்குப் புதிதாகப் பசு வரும் நாள் திருநாளே ஆகும். வாசலில் கோலமிட்டு, மஞ்சள் குங்குமம் சாற்றி, ஆரத்தி எடுத்துப் பெரியோர் அதனை வரவேற்பர்.

ஆயினும் வரவேற்பு ஆரத்தியோடு முடிவதன்று. பழகிய கொட்டிலையும் உடன் மேய்ந்த இனத்தையும் பிரிந்து வந்த பசு முதற்சில நாட்கள் தீனியை மறுக்கும், இரவில் கதறும், அறியாத கை பட்டால் பாலை மடியிலேயே அடக்கிக்கொள்ளும். பொறுமையிழந்து கோலை ஓங்குவோரும் உண்டு. அச்சம் மிகுந்தால் பால் மேலும் சுரவாது.

சேய்ஞலூரில், தன்னை முட்ட வந்த பசுவை மேய்ப்பவன் ஒருவன் கோலால் அடித்தான். அதனைக் கண்டு பொறாத சிறுவர் விசாரசருமர், ஆநிரை மேய்க்கும் பணியைத் தாமே ஏற்றார். மண்ணியாற்றங்கரையில் அவர் அன்புடன் பேணிய பசுக்கள் கறவாமலே பால் பொழிந்தன என்று பெரியபுராணம் கூறும். அவரே சண்டேசுவர நாயனார்.

அன்போடு அறிவும் வேண்டும். புதுப் பசுவை மூன்று வாரமேனும் தனியே கட்டுதல் நன்று. கோமாரி முதலிய நோய்கள் பழைய மாடுகளுக்குப் பரவாமல் காக்கும் வழி அது. பழைய மாடுகளைக் கவனித்த பின்னரே புதியதனிடம் செல்லுதல் முறை. முன்பு உண்ட தீவனத்தையே முதலில் அளித்து, ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றலாம். கன்றைத் தாயின் கண்ணெதிரே கட்டுதல் வேண்டும்.

சண்டேசுவரர் சந்நிதியில் வணங்கித் திரும்பும் அடியார், கொட்டிலில் கலங்கி நிற்கும் பசுவின் கழுத்தை மெல்லத் தடவிக் கொடுப்பாராயின், அதுவும் அவருக்குச் செய்யும் வழிபாடே.