யார் சொன்னாலும் கேட்பதா?

வேலைக்காரன் நல்லவன். ஆனால் தெருவில் போகிறவன், "பெட்டிச் சாவியை எடுத்து வா" என்றாலும் எடுத்து வந்து கொடுக்கிறான். அந்த வீடு உருப்படுமா?

அமெரிக்காவில், கேப்பிட்டல் ஒன் வங்கியில் 2019-ல் இதுதான் நடந்தது. வெளியாள் ஒருவர் கேட்டார். வங்கியின் கம்ப்யூட்டரே உள்ளே போய், ரகசியச் சாவி எழுத்துக்களைக் கொண்டு வந்து கொடுத்தது! சுமார் 10 கோடி அமெரிக்கர்கள், 60 லட்சம் கனடாக்காரர்களின் விவரங்கள் பறிபோயின.

திருடியவரைக் கோர்ட்டு 2022-ல் குற்றவாளி என்றது. அதற்கு முன்பே, 2020-ல், வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம் விழுந்தது. சரியான தண்டனைதான்!

கம்ப்யூட்டருக்கு ஆள் தெரியாது. யார் கேட்டால் போகலாம், எங்கே போகக் கூடாது என்று கட்டளை எழுதி வைப்பது மனிதன் கடமை. ஊரார் விவரத்தை வாங்கி வைப்பவர்கள் முதலில் அதைச் செய்யட்டும்!