பீலிக்கரையில் எது ஒழுங்கான உடை?

கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாய பக்கம் இறங்கும் ஏ4 வீதியில் சில கிலோமீட்டர் போனால் தியலும நீர்வீழ்ச்சி தெரியும். 220 மீட்டர் உயரம். முன்பெல்லாம் வருகிறவர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். இப்போது வெளிநாட்டார் நேரே உச்சிக்குப் போகிறார்கள். அருவி விழுவதற்கு முன் பாறைக் குழிவுகளில் தேங்கி நிற்கும் தண்ணீரில் குளிக்கத்தான் இத்தனை கூட்டமும். குளித்த ஈரத்தோடு, நீச்சலுடைமேல் ஒரு துவாயைச் சுற்றிக்கொண்டு அவர்கள் இறங்கி வரும்போது, பிரதேச சபை இதற்கொரு சட்டம் போடக்கூடாதா என்ற பேச்சு கடைவாசலில் எழுவது இயல்புதான்.

அநியாயமான கேள்வி என்று அதைத் தள்ளிவிட முடியாது. இத்தாலியின் சொரென்டோ நகர மேயர் 2022இல் நீச்சலுடையில் தெருவில் நடப்பவர்களுக்கு 500 யூரோ வரை தண்டம் என்று உத்தரவு போட்டார். ஸ்பெயினின் பார்சலோனா 2011இலேயே அப்படி ஒரு விதியைக் கொண்டுவந்தது. வெள்ளைக்காரன் ஊரிலேயே இருக்கிறதே, நமக்கு என்ன என்று கேட்பார்கள். ஆனால் சொரென்டோவில் குளிப்பவருக்கு வீட்டில் குளியலறை இருக்கிறது. கொஸ்லந்தை தோட்டங்களில்?

லயத்துப் பெண்கள் குளிக்கும் இடம் பீலி. மலையிலிருந்து வரும் தண்ணீரைக் குழாயிலோ தகரத்திலோ இறக்கியிருப்பார்கள். பல இடங்களில் அது பாதையோரமாகவே இருக்கும். மலையிலிருந்து இறங்கி, கொழுந்தை நிறுத்துக் கொடுத்து, பிள்ளைக் காம்பராவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் பெண், பாவாடையை நெஞ்சுக்குமேல் குறுக்குக்கட்டாகக் கட்டிக்கொண்டு அந்தத் தண்ணீரில்தான் நனைகிறாள். பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் தியரெத்த கட்டிக் குளிப்பவளும் அப்படித்தான். போகிற வருகிற ஆண்கள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு போவார்கள். அது ஊரே கற்றுக்கொண்ட நாகரிகம். எந்த வர்த்தமானியிலும் அச்சாகவில்லை.

இப்போது ‘பொது இடத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்’ என்று ஓர் உபவிதி வருவதாக வைத்துக்கொள்வோம். எழுதுகிறவர் மனதில் இருப்பது தியலுமவின் வெளிநாட்டுக்காரி. எழுத்தில் அவள் பெயர் இருக்காது. ‘எவரேனும்’ என்றுதான் இருக்கும். சுற்றுலாப் பயணியைத் தொட்டால் எல்ல வரைக்கும் ஹோட்டல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பீலிக்கரைப் பெண்ணுக்காக யார் வருவார்? உடைச்சட்டம் எப்போதும் சுவர் இல்லாதவர்கள்மீதுதான் முதலில் விழும். எனக்கு இதில் உள்ள முதல் ஆட்சேபம் இதுதான்.

இரண்டாவது, சட்டம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் உபவிதிகள் ஆக்கும் அதிகாரத்தைத் தருகிறது. சந்தை, வடிகால், இடையூறு போன்றவற்றுக்கு அது தேவை. ஆனால் உடை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் சுதந்திரங்களை, அதாவது கருத்து வெளிப்பாட்டையும் மதத்தை வெளிப்படுத்தும் உரிமையையும், தொடுகிறது. கைதட்டி, மணியடித்து, மேளம் தட்டி எதிர்ப்புக் காட்டுவதும் கருத்து வெளிப்பாடே என்று உயர் நீதிமன்றம் 1993இல் ‘ஜனகோஷ’ வழக்கில் சொன்னது. ஓசைக்குப் பொருள் உண்டென்றால் துணிக்கு இல்லாமலா போகும்? அந்தச் சுதந்திரங்களைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் 15ஆம் உறுப்புரைப்படி அது ‘சட்டத்தால்’ விதிக்கப்பட வேண்டும். சட்டம் என்றால் பாராளுமன்றச் சட்டம், அல்லது அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டம் என்று 170ஆம் உறுப்புரை வரைவிலக்கணம் தருகிறது. உபவிதிகளை அது ‘எழுத்திலான சட்டம்’ என்ற வேறு பையில் போட்டு வைத்திருக்கிறது. ஆகவே இந்தப் பகுதிக்குரிய ஹல்துமுல்ல பிரதேச சபை கையை உயர்த்தி நிறைவேற்றினாலும், அந்த உபவிதி நீதிமன்றப் படியேறினால் நிற்பது கஷ்டம்.

நீதிமன்றம் வரை போகும் தெம்பு யாருக்கு இருக்கிறது என்பது வேறு கதை. அதற்கும் நம் மாவட்ட எல்லையோரத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின், முகத்தை மூடும் ஆடைகள் அவசரகால விதியால் தடைசெய்யப்பட்டன. விதி சொன்னது முகத்தை மட்டும். ஆனால் தலையை மூடியவர்களும் கடைகளிலும் அலுவலகங்களிலும் மறிக்கப்பட்டார்கள். அந்த மே மாதம் ஹசலக்க பொலிஸார் ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைது செய்தார்கள். அவருடைய உடையில் தர்மச்சக்கரம் அச்சிடப்பட்டிருக்கிறதாம். அது கப்பலின் சுக்கான் சக்கரம். மஹியங்கனை நீதவான் நீதிமன்றம் அவரை விளக்கமறியலில் வைத்தது. ஜூன் தொடக்கத்தில்தான் பிணை கிடைத்தது. அவருடைய உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் சொல்வதற்குள் ஆண்டுகள் ஓடிவிட்டன. உடையை வாசிக்கும் அதிகாரத்தை ஒரு சீருடைக்காரரிடம் கொடுத்தால், அவர் துணியில் இருப்பதை வாசிப்பதில்லை, தன் மனதில் இருப்பதையே வாசிக்கிறார்.

மலையகத்தாருக்கு இது புதிதுமல்ல. நம் முன்னோர் கிளம்பி வந்த மாவட்டங்களில் ஒன்று இராமநாதபுரம். அங்கே 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள்: ஆண் முழங்காலுக்குக் கீழே உடுக்கக்கூடாது, பெண் மேலாடை போடக்கூடாது, பொன் வெள்ளி நகை கூடாது என்று. 1931 குடிசன மதிப்பீட்டு ஆணையாளர் ஜே.எச். ஹட்டன் (நம் ஹட்டன் நகருக்கும் இவருக்கும் தொடர்பில்லை) அதைப் பதிவுசெய்திருக்கிறார். ‘உள்ளூர் வழக்கம்’ என்ற பெயரில்தான் அத்தனையும் நடந்தன. கடல் தாண்டி இங்கே வந்தால், துரை எதிரே வரும்போது குடையை மடக்கு, செருப்பைக் கழற்று, மடித்துக் கட்டியதை அவிழ்த்து விடு. நம் பெரியவர்கள் இன்னமும் சொல்வார்கள். இதை எழுதி வைக்க எந்தத் துரைக்கும் தேவை இருக்கவில்லை.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு சட்டமும் இருக்கிறது. 2014 ஜூலையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க மன்றம் வாசலில் தடுத்தது. அடுத்த மாதமே தமிழ்நாட்டுச் சட்டமன்றம், வேட்டியைக் காரணம் காட்டிப் பொது இடங்களில் யாரையும் தடுக்கக்கூடாது என்று சட்டம் இயற்றியது. நீதிபதிக்கு நேர்ந்ததால்தான் இவ்வளவு வேகம் என்று முணுமுணுக்கலாம், அதுவும் உண்மைதான். ஆனாலும் தடுப்பவரைத் தடுக்கும் சட்டம் அது. நம்மவர்கள் பார்க்க வேண்டிய முன்மாதிரி சொரென்டோ அல்ல.

அப்படியானால் தியலுமவில் எதுவும் செய்ய வேண்டாமா? நிர்வாணமாகவோ ஆபாசமாகவோ நடப்பவர்களைப் பிடிக்க 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் தண்டனைச் சட்டக்கோவையும் இருக்கின்றன. அவை பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய வேலை. கோவில் வாசலில் கோவில் கேட்கும் உடை, அதுவும் நியாயம். அந்த வாசலுக்குள் மட்டும். மலைப்பாதையில் ஈரத்துணியோடு ஒருவர் இறங்கி வருகிறார் என்றால், அவர் உடைமாற்ற இடம் இருந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். அதைக் கட்டுவது சபையின் வேலை. மூன்று மொழியிலும் ஒரு பலகையில் ‘இது ஊர்ப்பாதை, உடைமாற்றி வாருங்கள்’ என்று எழுதி வைத்தால் பெரும்பாலோர் கேட்பார்கள். தண்டத்தொகை எதற்கு?

பிரதேச சபைகளின் பழைய சரித்திரத்தையும் மறக்க முடியவில்லை. தோட்டத்துக்குள் ஒரு பாதை போடவோ விளக்கு வைக்கவோ முடியாதபடி, 1987 சட்டத்தின் 33ஆம் பிரிவு சபைகளின் கையைக் கட்டி வைத்திருந்தது. தோட்டத்து ஆட்கள் வாக்களித்தார்கள், சபையின் பணம் மட்டும் தோட்ட எல்லையில் நின்றுகொண்டது. 2018இன் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தபிறகுதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தயில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மண்சரிந்து லயங்களை மூடியதே, அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தது. அந்த எச்சரிக்கைகளை வைத்துக்கொண்டு மக்களை இடம்பெயர்க்க முடியாத நிர்வாகம், அவர்கள் எதை உடுக்கிறார்கள் என்று அளக்க வந்தால் எப்படி இருக்கும்?

2025 மே மாதம் தெரிவான உறுப்பினர்கள் உடை பற்றித் தீர்மானம் கொண்டுவர விரும்பினால், நான் எழுதித் தரத் தயார். தியலும உச்சிக்குப் போகும் பாதைத் தொடக்கத்தில் உடைமாற்றும் அறையும் மலசலகூடமும். ஹல்துமுல்ல பிரதேசத்தில் பாதையோரம் இருக்கும் ஒவ்வொரு பீலிக்கும் ஆள் உயரத்தில் மூன்று பக்கச் சுவர், ஒரு கதவு. கொழுந்து எடுக்கும் மலைகளில் பெண்களுக்கு ஒதுங்க இடம்; படங்கும் கொங்காணியுமாக நாள் முழுவதும் மழையில் நிற்பவர்களுக்கு அது இல்லாத மலைகள் இன்னமும் இருக்கின்றன. மூன்றுக்கும் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் தொகை ஒதுக்கினால் போதும், உபவிதிக்குப்போல அமைச்சரின் அனுமதிக்கும் வர்த்தமானிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.