பைப்படி யார் பொறுப்பு, மெயின் சுவிட்சு யார் பொறுப்பு?

சுங்கை வே பக்கம் இன்று போகிறவர்களுக்கு, அந்தச் சுற்றுவட்டாரத்தில் ரப்பர் மரங்கள் நின்றதாகச் சொன்னால் நம்பிக்கை வராது. ஊரின் பெயர்கூட ஸ்ரீ செத்தியா என்று மாறிவிட்டது. 1972-இல் அங்கே சுதந்திர வாணிப வட்டாரம் வந்த பிறகு, தோட்டத்துப் பிள்ளைகள் பலர் காலைப் பிரட்டுக்கு நிற்பதை விட்டுத் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். பின்னாலேயே குடும்பங்களும் லயத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்தன.

லயத்தில் பொதுப் பைப்பு உடைந்தால் கிராணியாரிடம் போய்ச் சொல்வோம். அவர் செய்தாரோ, நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தாரோ, செய்ய வேண்டியவர் யார் என்பதில் சந்தேகம் இருந்ததில்லை. பிளாட்டில் அப்படியில்லை. மீட்டர் வரைக்கும் தண்ணீர் நிறுவனத்தின் பொறுப்பு. மீட்டருக்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரர் பாடு. மின்சாரத்துக்கும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். இது தெரியாமல் காசை இழந்தவர்களும் உண்டு, உயிரை இழந்தவர்களும் உண்டு.

இன்னும் தோட்டத்திலேயே இருப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம். 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், 446-ஆம் சட்டம், தோட்ட வீடுகளுக்கு இலவசமாகப் போதிய குழாய்த் தண்ணீரும், போதிய மின்சாரமும் கொடுத்து, வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது. பைப்பு ஒழுகுகிறது, ஒயர் தொங்குகிறது என்றால் நம் கைக்காசைப் போடுவதற்கு முன் காரியாலயத்தில் எழுத்து மூலம் கொடுங்கள். ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். அசையவில்லையென்றால் தொழிலாளர் இலாகா இருக்கிறது. "வாயால சொல்லிப் பார்த்தாச்சுங்க" என்பது அங்கே எடுபடாது. தேதி போட்ட கடிதம் எடுபடும்.

இனி தண்ணீர். பில் திடீரென்று ஏறினால் மீட்டர்காரரைத் திட்டாதீர்கள். எல்லாப் பைப்பையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் சுற்றிக்கொண்டே இருந்தால் வீட்டுக்குள் எங்கோ ஒழுகுகிறது. பெரும்பாலும் கக்கூஸ் தொட்டிதான். அந்தத் தொட்டியில் கொஞ்சம் துணிச் சாயத்தையோ நீலத்தையோ கரைத்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் தண்ணீர் இழுக்காமல் இருங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்பான் தேய்ந்துவிட்டது என்று பொருள். சொட்டும் பைப்புக்கும் அநேகமாக வாஷர்தான் காரணம். மெயின் பைப்பை மூடிவிட்டு வீட்டுப் பிள்ளைகளே மாற்றிவிடலாம். சிலாங்கூரில் தகுதியுள்ள, பதிந்துகொண்ட குடும்பங்களுக்கு மாதம் 20 கன மீட்டர், அதாவது 20,000 லிட்டர் தண்ணீர் இலவசம். ஒழுகிப் போவதும் அந்தக் கணக்கில்தான் ஏறும்.

தண்ணீர் வெட்டு கிள்ளான் பள்ளத்தாக்கில் நமக்குப் பழகிவிட்டது. 2020 செப்டம்பரில் சுங்கை சிலாங்கூர் நீர் மாசுபட்டு நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்களே, அப்போது பெட்டாலிங் உட்பட ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. நின்ற தண்ணீர் திரும்பும்போது குழாய்த் துருவைக் கிளறிக்கொண்டு செம்மண் நிறத்தில் வரும். அதைத் தொட்டிக்கு விடாதீர்கள். தொட்டிக்குப் போகும் வழியை அடைத்துவிட்டு, மீட்டருக்கு அருகில் உள்ள பைப்பைத் திறந்து தெளியும்வரை ஓடவிடுங்கள். காய்ச்சினால் கிருமி சாகும்; துரு போகாது. ரசாயன வாடை அடிக்கும் தண்ணீருக்கும் காய்ச்சுவது மருந்தல்ல. வெட்டுக்குப் பயந்து பிடித்து வைக்கும் வாளிகளை மூடி வையுங்கள், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். டெங்கிக் கொசு அதில்தான் முட்டையிடும்.

ஏர்கோன் உள்ள வீட்டில் உள்ளே தண்ணீர் சொட்டினால் அநேகமாக வடிகுழாய் அடைப்புத்தான். வடிகட்டியைக் கழுவாததும் காரணமாகலாம். அது பெரிய காரியமில்லை.

பெரிய காரியம் மின்சாரம். "அண்ணே, இந்த சுவிட்சு சும்மா சும்மா விழுதுன்னு அதைத் தாண்டி ஒயரைக் கொடுத்துட்டோம்" என்று சிலர் பெருமையாகவே சொல்கிறார்கள். கேட்டால் நமக்கு வயிறு கலங்குகிறது. அந்த இ.எல்.சி.பி. தொந்தரவு கொடுக்க வைத்த பொருளல்ல. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சரியாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. குறைந்தால், அது எங்கோ, ஒருவேளை ஓர் ஆளின் உடம்பு வழியாக, தரைக்கு இறங்குகிறது என்று தெரிந்து உடனே அறுக்கிறது.

அடிக்கடி விழுந்தால் இப்படிச் செய்யுங்கள். காய்ந்த கையோடு, செருப்புப் போட்டுக்கொண்டு, எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு இ.எல்.சி.பி.யை மேலே தூக்குங்கள். நின்றால், ஒவ்வொரு பிளக்காக மாட்டிப் பாருங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. பழைய இஸ்திரிப் பெட்டியாகவோ, ஐஸ் பெட்டியாகவோ இருக்கலாம். எல்லாம் கழற்றியும் நிற்கவில்லையென்றால் கோளாறு சுவருக்குள் இருக்கிறது. அதற்கு மேல் நாம் கைவைக்கக் கூடாது. பதிவு பெற்ற வயர்மேனைத்தான் கூப்பிட வேண்டும்.

குளியலறைச் சுடுநீர்ப் பெட்டிதான் நம்மை அதிகம் பயமுறுத்துகிறது. 3.6 கிலோவாட் பெட்டி ஏறக்குறைய 15 ஆம்பியர் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக்கில் அதை மாட்டுவது நெருப்போடு விளையாடுவது. அதற்குத் தனி ஒயர், சரியான எர்த், 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழக்கூடிய தனிக் கருவி வேண்டும். ஈரத் தரை உள்ள இடத்துக்கு இந்த அளவைத்தான் 1994-ஆம் ஆண்டின் மின்சார விதிகள் சொல்கின்றன. மலிவாகப் போட்டுத் தருகிறேன் என்று வருபவரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள். அவர் தலையைச் சொறிந்தால் வாசலைக் காட்டுங்கள்.

இ.எல்.சி.பி.யில் ஒரு சிறு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை, சம்பள நாளன்று என்று வைத்துக்கொள்ளுங்களேன், அதை அமுக்கிப் பாருங்கள். சுவிட்சு சட்டென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் வயர்மேன் வந்து பார்க்கும்வரை பெட்டியை அணைத்து வைத்து, பிள்ளைகளுக்கு அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொடுங்கள்.