தொலைவும் காலமும்

இந்திய நிலப்படத்தில் அசாமின் திப்ருகரையும் தமிழ்நாட்டின் கன்னியாகுமரியையும் அளவுகோல் கொண்டு இணைத்தால், இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் இத்தொலைவை மூன்றரை மணி நேரத்தில் கடந்துவிடும். நாடு சுருங்கிவிட்டது என்று பலரும் கூறுவது இத்தகைய கணக்கை நம்பியே ஆகும். ஆயினும், இக்கணக்கு முழுமையானதன்று.

அளவுகோல் வரைந்த நேர்கோட்டின் பெரும்பகுதி வங்காள விரிகுடாவின் மேல் செல்கிறது. பின்னர் வங்கதேசத்தையும் கடக்கிறது. தொடர்வண்டிக்கு அவ்வழி இல்லை. 2011ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட விவேக் விரைவு வண்டி, திப்ருகரிலிருந்து மேற்கே சென்று, சிலிகுரியை ஒட்டிய குறுகிய நிலப்பகுதியைக் கடந்து, மேற்கு வங்கம், ஒடிசா, ஆந்திரம், தமிழ்நாடு, கேரளம் எனக் கடலைச் சுற்றிக்கொண்டு குமரிமுனையை அடைகிறது. இவ்வழியின் நீளம் ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர். பயணக் காலம் ஏறத்தாழ 75 மணி நேரம். இந்தியாவில் ஒரே தொடர்வண்டி கடக்கும் மிக நீண்ட வழித்தடம் இதுவே.

விமானத்தில் செல்வோருக்கும் அந்த மூன்றரை மணி நேரம் வாய்ப்பதில்லை. கன்னியாகுமரியில் விமான நிலையம் இல்லை. திருவனந்தபுரம் செல்ல வேண்டும். விமானம் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னரே நிலையத்தை அடைய வேண்டும். இடையில் ஒரு பெருநகரில் இறங்கி, வேறு விமானத்திற்குக் காத்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் கூட்டினால் ஒரு பகல் முழுவதும் கழிந்துவிடும். பறக்கும் நேரம் வேறு, பயண நேரம் வேறு என்பது இதனால் விளங்கும்.

இக்கணக்கில் மனிதரின் நிலையையும் சேர்த்தே எண்ண வேண்டும். விவேக் விரைவு வண்டியின் வழியில் உள்ள திருப்பூரின் பின்னலாடை ஆலைகளில் வடகிழக்கு மாநில இளைஞர்களும் உழைக்கின்றனர். திப்ருகரில் உள்ள தாய் நோயுற்றுக் கிடப்பதாக ஓர் இளைஞனுக்கு இரவில் செய்தி வருகிறது எனக் கொள்வோம். கடைசி நேர விமானக் கட்டணம் அவனுடைய பல நாள் ஊதியத்தை விழுங்கிவிடும். ஆகவே, அவன் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறுகிறான். தான் போய்ச் சேரும்வரை தாய் கண்விழித்திருப்பாளா என்னும் கவலை அவனுடன் வழியெல்லாம் வருகிறது. பொருள் உடையவருக்கு ஒரு பகலில் முடியும் பயணம், அவனுக்கு மூன்றாம் நாள்தான் முடிகிறது.

விமானம் வேண்டா என்று எவரும் கூறார். நோய், தேர்வு, பேரிடர் ஆகிய வேளைகளில் அதன் பயன் பெரிது. ஆயினும், விமான நிலையங்களைப் பெருக்குவது மட்டும் நாட்டின் தொலைவைக் குறைத்துவிடாது. நெடுந்தொலைவுத் தொடர்வண்டிகளின் வேகமும் முன்பதிவில்லாப் பெட்டிகளின் எண்ணிக்கையும் உயர வேண்டும். விவேக் விரைவு வண்டியின் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 56 கிலோமீட்டர்தான். அவ்வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினாலே, முழுப் பயணத்தில் பன்னிரண்டு மணி நேரம் மிச்சமாகும். தாயைக் காண விரையும் மகனுக்கு அது ஓர் இரவு முன்னதாகவே வீடு சேர்வதற்கு ஒப்பாகும்.

சிந்தித்து எழுதுக

1. பறக்கும் நேரத்திற்கும் பயண நேரத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. உம் ஊரிலிருந்து தொலைவில் உள்ள உறவினர் ஒருவரின் ஊருக்குச் செல்ல ஆகும் முழு நேரத்தையும் செலவையும் கணக்கிட்டு ஒரு பத்தி எழுதுக.