"இது சேவை தம்பி"ன்னு சொல்லியே உங்க சம்பளத்தைக் குறைக்கிறாங்களா?



போன வாரம் ஒரு நண்பர் போன் பண்ணார். சென்னையில ஒரு முதியோர் இல்லத்துல பராமரிப்பு வேலை. சம்பளம் 18,000 ரூபாய். ராத்திரி பத்து மணிக்கு மேல வாட்ஸ்அப்ல மறுநாள் ஷிப்ட் மாறும். ஆள் வரலைன்னா இருக்கிறவங்களே மூணு மணி நேரம் கூடுதலா நிக்கணும். கேட்டா மேனேஜர் சொல்ற ஒரே பதில்: "இது சேவை தம்பி, காசைப் பார்க்காதே."

"விட்டுடலாம்னுதான் இருக்கு. அந்தத் தாத்தா பாட்டிகளை நினைச்சாதான் மனசு கேக்கலை"ன்னார்.

என் கருத்தை நேராவே சொல்லிடறேன். பெரியவங்களைப் பார்த்துக்கறது சேவைதான், சந்தேகமே இல்லை. ஆனா தேவையான ஆளை வைக்கிறதும், ஷிப்ட்டை ஒழுங்கா போடறதும் நிர்வாகத்தோட வேலை. அவங்க விட்ட ஓட்டையை உங்க பாசத்தை வெச்சு அடைக்கிறாங்க.

ஒரு சின்ன கணக்குப் போடுவோம். மாசம் 26 நாள், தினம் 8 மணி நேரம்னா 208 மணி நேரம். மணிக்கு சுமார் 87 ரூபாய். அதே சம்பளத்துக்கு தினம் 11 மணி நேரம் நின்னா 286 மணி நேரம். மணிக்கு 63 ரூபாய்தான்! பே ஸ்லிப்புல ஒரு ரூபாய்கூட குறையலை. ஆனா உங்க சம்பளம் குறைஞ்சிடுச்சு.

இன்னொண்ணும் கேட்டேன்: "பி.எஃப். பாஸ்புக் பார்த்தீங்களா?" பார்த்தார். பே ஸ்லிப்புல மாசம் 1,440 பிடிச்சிருக்காங்க. நாலு மாசமா கணக்குல ஏறவே இல்லை. அவர் கைக்காசு மட்டும் 5,760 ரூபாய். நிறுவனம் போட வேண்டிய பங்கு தனி. அடுத்த மாசம் 15-ஆம் தேதிக்குள்ள கட்டணும்ங்கிறது விதி. இதுல சேவை எங்கிருந்து வந்தது?

கோபத்துல நாளைக்கே பேப்பர் போடாதீங்க. முதல்ல இதைச் செய்யுங்க:

1. கூடுதல் நேரத்தைத் தேதியோட ஒரு நோட்டுல எழுதுங்க. ஷிப்ட் மெசேஜையும் பே ஸ்லிப்பையும் சேமிச்சு வைங்க.

2. பி.எஃப். ஏறலைன்னா எழுத்துல கேளுங்க. பதில் இல்லைன்னா இ.பி.எஃப்.ஓ.வோட குறைதீர்ப்புத் தளத்துல ஆன்லைன்லயே புகார் கொடுக்கலாம்.

3. மூணு மாச வீட்டுச் செலவைத் தனிக் கணக்குல சேருங்க. மாசம் 13,000 செலவுன்னா 39,000 வேணும். சேர்க்க ஒரு வருஷம்கூட ஆகலாம். அதனால இன்னைக்கே ஆரம்பிங்க, வேற வேலையும் கூடவே தேடுங்க.

4. வேலை மாறினா பி.எஃப். பணத்தை எடுக்காம புது கணக்குக்கு மாத்துங்க. மொத்த சர்வீஸ் அஞ்சு வருஷம் ஆகறதுக்குள்ள எடுத்தா வரி வரலாம்.

கையில மூணு மாசக் காசு இருந்தா "இன்னைக்கு முடியாது சார்"னு சொல்ற குரல்லயே ஒரு தெம்பு வரும். அந்தப் பெரியவங்களுக்கும் நல்லா தூங்கி எழுந்து வர்ற ஆள்தான் வேணும்.

உங்க ஆபீஸ்லயும் இப்படி ஏதாவது வார்த்தை சொல்லி வேலை வாங்கறாங்களா? கமெண்ட்ல சொல்லுங்க. அதுக்கு முன்னாடி, பாஸ்புக்கை ஒருதடவை திறந்து பார்த்துடுங்க!