படம் எடுக்கக் காசு இல்லை, காப்பாற்றத்தான் காசு!

சோழவரம் என்றதும் எல்லோருக்கும் ஏரிதான் நினைவுக்கு வரும். சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் ஏரி அல்லவா!

பெரியவர்களைக் கேட்டால் இன்னொன்றும் சொல்லுவார்கள். அதுதான் மோட்டார் பந்தயம்.

இரண்டாம் உலகப்போர் நடந்தபோது அங்கே விமான ஓடுபாதை போட்டார்கள். போர் முடிந்தது. விமானம் ஓடிய பாதையில் காரும் மோட்டார் சைக்கிளும் பறந்தன! 1950-களில் தொடங்கிய பந்தயம் 1980-கள் வரை நடந்தது. பிறகு இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது.

பந்தயம் போனாலும் படங்கள் இருக்கின்றன. சீறிப் பாயும் கார்களை இன்றும் பார்க்கலாம். எல்லாம் பிலிமில் பிடித்த படங்கள்.

இப்போது ஒரு கேள்வி. உங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு செல்போனில் 300 படம் எடுத்தீர்களே, அதில் ஒன்றாவது 50 ஆண்டு கழித்து இருக்குமா?

இனாமா?

டிஜிட்டல் வந்த பிறகு போட்டோ இனாம் என்று பலர் நினைக்கிறார்கள். எடுப்பது இனாம்தான். பிலிம் சுருள் வாங்க வேண்டாம். கழுவக் கொடுக்க வேண்டாம். குழந்தை கண்ணை மூடிவிட்டால் மறுபடியும் எடுக்கலாம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒடிசா வாலிபர், தன் படத்தை அடுத்த நிமிடமே தாயாருக்கு அனுப்பிவிடுகிறார். முன்பு என்றால் தலை வாரி, பவுடர் பூசி, ஸ்டூடியோவுக்குப் போய், நாலு நாள் காத்திருந்து, தபாலில் அனுப்ப வேண்டும். இந்த சவுகரியத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் செலவு ஒழியவில்லை. இடம் மாறியிருக்கிறது.

முதல் அடி ஸ்டூடியோக்காரருக்கு. ஒரே பிலிம் காமிராவை வைத்துக்கொண்டு 20 ஆண்டு பிழைத்தவர்கள் உண்டு. டிஜிட்டலில் அது நடக்காது. சில ஆண்டிலேயே புது மாடல் வந்துவிடும். கல்யாண வீட்டார் அதைத்தான் கேட்பார்கள். கம்ப்யூட்டரும் வேண்டும், ஹார்டு டிஸ்கும் வேண்டும். நெகடிவில் பென்சிலால் தொட்டுத் தொட்டு அம்மைத் தழும்பை மறைத்தார்களே, அந்தக் கைவேலையே போய்விட்டது.

ஊட்டியில் மத்திய அரசின் பிலிம் ஆலை இருந்தது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்று பெயர். 1960-ல் ஏற்பட்ட நிறுவனம். "இந்து" என்ற பெயரில் கருப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் செய்தார்கள். கடன் அழுத்தியது. வெளிநாட்டுச் சரக்கு போட்டிக்கு வந்தது. கடைசியில் டிஜிட்டலும் வந்தது. 2014-ல் தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு கொடுக்க மந்திரிசபை முடிவு செய்தது.

அமெரிக்காவின் கோடாக் கம்பெனி கதை இன்னும் வேடிக்கை. 1975-ல் டிஜிட்டல் காமிராவை முதன்முதலில் செய்தவர் அந்தக் கம்பெனியின் என்ஜினீயர் ஸ்டீவன் சாசன்தான். அதே கம்பெனி 2012-ல் திவால் மனு கொடுத்தது!

12 மடங்கு

ஆஸ்கார் பரிசு கொடுக்கும் அகாடமி 2007-ல் ஒரு கணக்குப் போட்டது. ஒரு சினிமாவின் மூலப் பிரதியை பிலிமாக வைத்துக் காப்பாற்ற வருடத்துக்கு 1,059 டாலர். டிஜிட்டலாக வைத்துக் காப்பாற்ற 12,514 டாலர். ஏறக்குறைய 12 மடங்கு!

ஏன் இவ்வளவு? பிலிமைக் குளிர்ந்த, ஈரமில்லாத அறையில் வைத்துப் பூட்டினால் போதும். டிஜிட்டல் அப்படி அல்ல. டிஸ்க் பழுதாகும். சில ஆண்டுக்கு ஒருமுறை புதியதில் ஏற்ற வேண்டும். பழைய பிளாப்பி வீட்டில் கிடந்தால் இன்று எதில் போட்டுப் பார்ப்பீர்கள்?

நம் வீட்டிலும் இதே கதைதான். போன் தண்ணீரில் விழுந்தால் படமும் போச்சு. "கூகுளில் கிடக்கிறதே" என்பீர்கள். 2021 ஜூன் முதல் அங்கேயும் 15 ஜி.பி. வரைதான் இலவசம். அதற்கு மேல் சந்தா. அப்பா பெயரில் இருக்கும் கணக்கின் பாஸ்வேர்டு பிள்ளைகளுக்குத் தெரியுமா?

பிலிம்தான் உசத்தி என்று நான் வாதாடவில்லை. நம் ஊர் ஈரத்துக்கு நெகடிவில் பூஞ்சை பிடிக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எத்தனையோ வீட்டு ஆல்பங்கள் நனைந்து ஒட்டிக்கொண்டன. வெளியூர் மகளின் போனில் ஒரு பிரதி இருந்தால் அது தப்பியிருக்கும். அது டிஜிட்டலின் பெருமை.

ஆனால் ஒன்று. பிலிம் இருந்தபோது சுருளுக்கு 36 படம்தான். அக்பா கிளிக் காமிராவில் 12 படம்தான். யோசித்து எடுத்தார்கள். எடுத்ததைப் பிரிண்ட் போட்டார்கள். இப்போது ஆயிரம் எடுக்கிறோம். ஒன்றைக்கூட பிரிண்ட் போடுவதில்லை. பாட்டியின் படம் வேண்டுமென்றால், பாட்டி போன பிறகுதான் தேடுகிறோம்!

பிலிமுக்குச் செலவழித்த காசு மிச்சமாகிறது அல்லவா? அதில் ஒரு பங்கைப் பிரிண்டுக்குக் கொடுங்கள். வருடத்துக்கு 20 படம் போதும். மற்றதை இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். ஒன்று வீட்டில், இன்னொன்று வெளியூரில். பிரிண்டின் பின்பக்கம் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று மெதுவாக எழுதி வையுங்கள். அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும்.