காப்பிக் களம் வெடிப்பது சாம்பல் சிமிண்டாலா?

சேவராயன் மலையில் காப்பிக் களம் வெடித்துவிட்டால் பழி சிமிண்டின் மேல் விழுகிறது. "சாம்பலைக் கலந்து விற்கிறான், வெடிக்காமல் என்ன செய்யும்?" என்று சொல்லும் மேஸ்திரிகள் உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. மறு பாதிக்குப் பொறுப்பு, களத்துக்குத் தண்ணீர் விடுவதை மூன்றாம் நாளே நிறுத்திவிடும் அவசரம்தான்.

வெடிப்பு சிறு விவசாயிக்கு அழகுப் பிரச்சினை அல்ல. இடுக்கில் சிக்கிய கொட்டை ஈரத்தோடு கிடந்து பூசணம் பிடிக்கும். மறுநாள் கூட்டி அள்ளும்போது நல்ல கொட்டையோடு கலந்துவிடும். ஒரு பிடி கெட்ட கொட்டை ஒரு மூட்டையின் விலையை இறக்கப் போதும்.

கடையில் கிடைக்கும் மூட்டையில் பி.பி.சி. என்று அச்சிட்டு, சாம்பல் கலந்தது என்ற குறிப்பும் இருந்தால் அதுவே சாம்பல் சிமிண்டு. இந்தியத் தர விதிப்படி அதில் 15 முதல் 35 சதவிகிதம் வரை நிலக்கரிச் சாம்பல் இருக்கலாம். அடுப்புச் சாம்பலை நினைத்துக்கொள்ள வேண்டாம். சேலம் மாவட்டத்திலேயே 1987 முதல் மின்சாரம் தரும் மேட்டூர் அனல் மின் நிலையம் போன்ற இடங்களில், நிலக்கரித் தூள் எரியும்போது புகையோடு எழும் மாவு போன்ற நுண்தூள் இது.

சிமிண்டு தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கொஞ்சம் சுண்ணாம்பு மிஞ்சுகிறது. அதனால் வலு இல்லை. சாம்பல் அந்தச் சுண்ணாம்போடு கூடி அதையும் பிடிப்புள்ள பசையாக்குகிறது, நுண்துளைகள் அடைபடுகின்றன. சுண்ணாம்போடு செங்கல் தூளைச் சேர்த்து அரைத்த பழைய சுர்க்கிக் காரையும் இதே வகைதான். 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை அந்தக் காரையில் கட்டப்பட்டது. அமெரிக்காவில் 1953-ல் முடிந்த ஹங்ரி ஹார்ஸ் அணையில், கான்கிரீட் சூடேறி வெடிப்பதைக் குறைக்கச் சிமிண்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக நிலக்கரிச் சாம்பலையே சேர்த்தார்கள்.

ஆனால் இந்த வேலை மெதுவாக நடப்பது. சாதாரண சிமிண்டு ஒரு வாரத்தில் காட்டும் வலுவைச் சாம்பல் சிமிண்டு அதற்குள் காட்டாது. அந்த வயதில் வெடிப்பைத் தாங்கும் சக்தியும் குறைவே. மேஸ்திரி சொல்வதில் உள்ள பாதி உண்மை இதுதான். 28 நாளில் ஏறத்தாழ எட்டிப் பிடிக்கும். நன்றாக ஈரம் காத்திருந்தால் 90 நாளில் முந்தியும் விடும். குளிரில் இந்த வேலை இன்னும் மந்தப்படும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டின் மார்கழிக் குளிருக்குச் சேலத்துக் கணக்கு பொருந்தாது.

கட்டிட விதி (2000-ம் ஆண்டுப் பதிப்பு) சாதாரண சிமிண்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்ததற்குக் குறைந்தது 10 நாளும் ஈரம் காக்கச் சொல்கிறது. வெயிலும் வறட்சியும் மிகுந்த காலத்தில் அது 10, 14 நாள் ஆகிறது. தண்ணீர் விடும் ஆளின் சில நாள் கூலியை மிச்சம் பிடித்துக் களத்தையே இழப்பது எந்த வகைச் சிக்கனமோ!

ஆகவே பழம் பறிக்கும் நேரத்தில் அவசரமாகக் களம் போடுவது வீண். ஆவணித் தொடக்கத்தில் போட்டால் கார்த்திகை பிறக்கும்போது களத்துக்கு 90 நாள் வயது ஆகிவிடும். இடையில் பெய்யும் மழை, தண்ணீர் விடும் வேலையில் பாதியைக் கூலியின்றிச் செய்யும். முதல் நாள் மட்டும் மழையில் மேற்பூச்சு கரையாமல் தார்ப்பாய் மூடவேண்டும். மழை இல்லாமல் காற்று அடித்தால் நனைத்த சாக்கு போடவேண்டும். சாம்பல் சிமிண்டு இறுகத் தாமதமாவதால் அதற்குள் மேல்பகுதி காய்ந்து மயிரிழை வெடிப்பு விழும்.

கையில் காசு புரள்வது காப்பி விற்ற பிறகுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்போது ஜல்லியும் மணலும் வாங்கிப் போட்டுவிடலாம். சிமிண்டை மட்டும் வாங்கி வைக்கக்கூடாது. மலை ஈரத்தில் மூன்று மாதம் கிடந்த மூட்டை பாதி உயிர் போனதுதான்.

களத்தைப் பத்தடிக்குப் பத்தடிக் கட்டங்களாகப் பிரித்து இடைவெளி விட்டுப் போடுவது நல்லது. கலவையில் தண்ணீர் மூட்டைக்கு 25 லிட்டர் அளவில் நிற்கட்டும். நனைந்த மணலில் உள்ள தண்ணீரும் இதில் அடங்கும். தளதளவென்று ஊற்றினால் கரணை சுலபமாக ஓடும், களம் சுலபமாக வெடிக்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று உதிரிச் சாம்பலைத் தாமே கலக்கவும் வேண்டாம். அதில் எரியாத கரியும் பருக்கைச் சாம்பலும் இருக்கக்கூடும். தோட்டத்தில் வைத்து அதைச் சோதிக்க வழி இல்லை.

ஏற்கெனவே வெடித்த களத்தில் இடுக்கை உளியால் அகலப்படுத்தி, தூசி போகக் கழுவி, ஈரம் இருக்கும்போதே கெட்டிக் கலவையை அடைக்கவேண்டும். அந்த அடைப்புக்கும் 10 நாள் தண்ணீர் உண்டு.